தாராவி ஓட்டுப் போட்ட அண்ணி

போன ஞாயிற்றுக்கிழமை மாதுங்காவில் நாற்காலி பற்றவில்லை.

கல்யாண வீட்டைச் சொல்லவில்லை. எங்கள் ரசிகர் சங்கத்தின் சினிமாப் பரிசளிப்பு விழாவைச் சொல்கிறேன். பம்பாய்த் தமிழர்கள் வருஷா வருஷம் ஓட்டுப் போட்டு, சென்னையில் எடுத்த படங்களுக்குப் பரிசு கொடுக்கிறோம். சென்னைக்காரர்கள் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்கிறார்களா? தெரியாது. ஆனால் வெள்ளிக் கோப்பையை இதுவரை யாரும் வேண்டாம் என்று திருப்பி அனுப்பியதில்லை.

இந்த வருஷம் ரெக்கார்டுகளுக்குக் குறைவில்லை. சிறந்த படம், சிறந்த டைரக்ஷன், சிறந்த வசனம், சிறந்த பாட்டு – எல்லாவற்றையும் ஒரே படம் சுருட்டிக்கொண்டு போனது. எங்கள் சங்கத்தில் இது முதல் தடவை. சிறந்த நடிகைப் பரிசு தொடர்ந்து நாலாவது வருஷமாக ஒரே நட்சத்திரத்துக்குப் போனது. அவரே நேரில் வந்து வாங்கிக்கொண்டார். தலைவர் பேசிய பேச்சின் நீளமும் ரெக்கார்டுதான்... ஆனால் அவர் தன் ரெக்கார்டைத் தானே முறியடிக்கிறவர், அதனால் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

இதெல்லாம் பேப்பரில் படித்திருப்பீர்கள். அதிலேயே 'சிறந்த துணை நடிகைக்கான பரிசு வழங்கும்போது சிறு சலசலப்பு ஏற்பட்டது' என்று ஒரு வரியும் இருந்திருக்கும்.

அந்தச் சலசலப்பில் நானும் இருந்தேன். ஒரு வரியில் முடிகிற விஷயமா அது?

முதலில் தாராவியைப் பற்றிச் சொல்லவேண்டும். இத்தனை வருஷமாக மாதுங்காவும் செம்பூரும்தான் ஓட்டுப் போட்டுக்கொண்டிருந்தன. இந்த வருஷம்தான் தாராவிக்காரர்களையும் சங்கத்தில் சேர்த்தோம். எங்கள் செயலாளர் வைத்திக்கு – இன்ஷூரன்ஸ் ஆபீஸில் வேலை, எதையும் முன்கூட்டியே பயந்து வைப்பது அவர் தொழிலோடு ஒட்டியது – அதில் கொஞ்சம் கவலை. என்னிடம்தான் வந்து கேட்டார்.

"மாமி, அவாள்ளாம் கத்திச்சண்டைக்குத்தானே போடுவா? நம்ம பரிசுக்குன்னு ஒரு தரம் இருக்கோல்லியோ?"

ஓட்டுப் பெட்டியைத் திறந்து பார்த்தால் தாராவி மொத்தமும் ஒரு விதவை அண்ணிக்குப் போட்டிருந்தது.

அந்தப் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பரிசுகளைச் சுருட்டிய அதே படம்தான். ஜெயிலிலிருந்து தம்பி திரும்பி வருகிறான். வீட்டில் ஒருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. நரைத்த தலையும் வெள்ளைப் புடவையுமாக அண்ணி வருகிறாள். தட்டை வைக்கிறாள். சோறு போடுகிறாள். குழம்பு ஊற்றுகிறாள். அவன் கேட்பதற்கு முன்னால் இரண்டாம் தரம் போடுகிறாள். அவ்வளவுதான். வசனம் இல்லை, பின்னணி இசைகூட இல்லை. படம் முழுக்க அவளுக்கு மொத்தம் பத்து வரி வசனம் இருந்தால் அதிகம்.

மாதுங்கா தியேட்டரில் ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சியில் அதை நான் பார்த்தேன். சண்டைக்கு விசிலடிக்கிற தாராவி ஜனம் அந்தக் காட்சியில் தோள் துண்டை வாயில் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது. தனியாக வந்து, மெஸ்ஸில் சாப்பிட்டு, பட்டறையிலேயே படுத்துக்கொள்கிறவர்கள் பாதிப் பேர். கேட்காமல் இரண்டாம் தரம் சோறு போடுகிறவர்கள் அவர்களுக்கு இந்த ஊரில் யார் இருக்கிறார்கள்?

தாராவி ஓட்டுகளைத் திரட்டியவர் சுடலைமுத்து அண்ணாச்சி. திருநெல்வேலிப் பக்கம். டிரங்குப் பெட்டி செய்கிற தகரப் பட்டறை வைத்திருக்கிறார். கூட்டத்தில் யாரும் அவரிடம் எதிர்த்துப் பேசமாட்டார்கள்; அப்படி ஒரு மீசை, அப்படி ஒரு குரல். டீக்கடை டீக்கடையாக நின்று பிரசாரம் செய்திருக்கிறார். ஒரு நாள் என்னிடமும் ஆரம்பித்துவிட்டார்.

"அந்தப் பொம்பள நடிக்கவே இல்லம்மா. சோறு போட்டாவ, அம்புட்டுத்தான். எங்கம்மா போனதுக்கு அப்புறம் எனக்கு அப்படி ஒருத்தரும் போட்டதில்ல. நான் அழுதுட்டேன். ஆமா, சொல்லுததுக்கு என்ன வெக்கம்?"

இப்படித்தான் குமாரி வனமோகனா என்ற, யாருக்கும் தெரியாத ஒரு நடிகை, தெரிந்த பெரிய நடிகைகளையெல்லாம் தள்ளிவிட்டுச் சிறந்த துணை நடிகை ஆனாள்.

சரி, பரிசைக் கொடுப்பது யாரிடம்? அங்கேதான் சிக்கல். வைத்தி சென்னைக்கு எழுதிக் கேட்டார். படக் கம்பெனியிலிருந்து பதில் வந்தது – அந்தப் படம் முடிந்தும் ரிலீஸ் ஆகாமல் சில வருஷங்கள் பெட்டியில் தூங்கியது, அதற்குள் அந்தப் பெண் ஒரு நாடகக் கோஷ்டியோடு பம்பாய்க்குப் போய்விட்டாள், அப்புறம் திரும்பி வரவில்லை.

"மாமி, தமாஷைக் கேட்டேளா? மெட்ராஸ்ல தேடிண்டிருக்கோம், அவ இங்கே எங்கேயோ நம்ம பஸ்ல போயிண்டு வந்துண்டு இருக்கா!" என்றார் வைத்தி.

பம்பாயில் ஒரு பெண்ணை எங்கே போய்த் தேடுவது? வைத்திக்கு நல்ல யோசனை ஒன்று வந்தது. எங்கள் ஹாலில் நாடகம், கச்சேரி எது நடந்தாலும் லைட் போட வருகிறவர் முருகேசன். செம்பூர்ப் பக்கம் ஃபாக்டரி ஒன்றில் எலெக்ட்ரீஷியன், லீவு நாளில் இந்த வேலை. வந்து போன நாடகக் கோஷ்டிகள் எல்லாம் அவருக்கு அத்துப்படி. அவரைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லி, வனமோகனா என்று யாரையாவது தெரியுமா என்று கேட்டார்.

முருகேசன் கையிலிருந்த ஒயரை முழுக்கச் சுற்றி முடித்தார். "விசாரிச்சுச் சொல்லுதேன் சார்" என்றார்.

இரண்டு நாள் கழித்துத் திலக் நகரில் ஒரு விலாசத்தைச் சொல்லிவிட்டுப் போனார். பெண்பிள்ளை இருக்கிற வீட்டுக்குப் பெண்பிள்ளை போவதுதான் முறை என்று வைத்தி என்னை அனுப்பினார். கிங்ஸ் சர்க்கிளில் பஸ் பிடித்தேன்.

மூன்று மாடிக் கட்டடம். இரண்டாவது மாடி. கதவைத் திறந்த பெண்ணுக்கு இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். எண்ணெய் வைத்து இழுத்து வாரிய பின்னல். நெற்றி நிறையக் குங்குமம். கையில் முறம். வீடு மாறி வந்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

"வனமோகனான்னு..."

"அப்படி யாரும் இங்க இல்லைங்களே." மதுரைப் பேச்சு. பதில் ரொம்ப வேகமாக வந்தது.

"பரவாயில்லை. தெரிந்தால் சொல்லுங்கள், அவருக்கு ஒரு பரிசு வந்திருக்கிறது" என்று படத்தின் பெயரைச் சொன்னேன்.

முறத்தைக் கீழே வைத்துவிட்டு அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அது ரிலீஸ் ஆயிருச்சா?"

பாருங்கள் அநியாயத்தை! ஊரே பார்த்து அழுத படம். நடித்தவளுக்கு அது வெளிவந்ததே தெரியாது.

உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். அவளுடைய நிஜப் பெயர் பேச்சியம்மாள். பத்து வயதில் நாடகக் கம்பெனியில் சேர்ந்தவள். அப்பா அம்மா இல்லை. அந்த ஒரு படத்தில் நடித்தாள். நரைத்த விக் வைத்து, கன்னத்தில் சுருக்கம் வரைந்து கிழவியாக்கிவிட்டார்கள். படம் பெட்டிக்குள் போனது. கோஷ்டியோடு பம்பாய் வந்தாள். கோஷ்டி இங்கே கலைந்துவிட்டது. லைட் போட வந்த ஒருவர் அவளைக் கல்யாணம் செய்துகொண்டார்.

அப்புறம் பரிசைப் பற்றி அவள் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? பரிசு எத்தனை பெரிசு என்பது இல்லை.

"எழுத்து ஓடுறப்ப என் பேரு போட்டாங்களா? தனியாவா, கும்பலோடயா?"

"கும்பலோடுதான். கடைசியில்."

"சரி. போட்டாங்கல்ல." தலையை ஆட்டிக்கொண்டாள். "சோறு போடுற சீனு இருக்குதுங்களா? அதை வெட்டிருவாங்கன்னு கேமராக்காரரு சொன்னாரே."

அந்த சீனுக்குத்தான் பரிசே என்றேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அன்னைக்கு மதியச் சாப்பாடு வண்டி வரலைங்க. தம்பியா நடிச்சவரு காலையில இருந்து கொலைப் பட்டினி. நெசமாவே சாப்பிட ஆரம்பிச்சுட்டாரு. டைரக்டரு என்னை அழுகச் சொல்லியிருந்தாரு. எங்கிட்டு அழுகுறது? குண்டான்ல சோறு குறையுதே, இன்னொரு டேக் கேட்டா என்ன பண்றதுன்னுதான் எனக்குக் கவலை. அந்த மனுசன் பசி அடங்கட்டும்னு போட்டுக்கிட்டே இருந்தேன்."

இதை நடிப்பு என்பீர்களா, இல்லை என்பீர்களா? நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

அந்த நேரத்தில் ஷிப்ட் முடிந்து வீட்டுக்காரர் உள்ளே வந்தார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுத் திரும்பினார்.

எங்கள் லைட் முருகேசன்!

தன் வீட்டு விலாசத்தையே யாரோ ஊரார் விலாசம் மாதிரி கொடுத்திருக்கிறார். நான் வாயைத் திறப்பதற்குள் பேச்சியம்மாள் கேட்டுவிட்டாள்.

"படம் வந்தது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"பாத்தீங்களா?"

"...ஓடின ஞாயித்துக்கிழமையெல்லாம் பாத்தேன்."

"அந்த ஞாயித்துக்கிழமையெல்லாம் ஓவர்டைமுன்னு சொன்னீங்களே?"

அவர் ஆணியில் மாட்டிய சட்டையை எடுத்து மறுபடி மாட்டினார்.

"எங்கிட்டச் சொல்லணும்னு தோணலையா உங்களுக்கு?"

"தோணிச்சு. சொன்னா நீ திரும்பிப் போயிருவியோன்னு பயமா இருந்துச்சு. திரையில பாத்தேம்லா... எவ்வளவு பெரிசாத் தெரியுத. இந்த ரூம்புல உன்ன எப்படி வச்சிருக்கேன்னு நெனச்சேன்." என் பக்கம் திரும்பினார். "நானாச் சொல்ல வாய் வரலம்மா. செயலாளர் சார் கேட்டதும், தெரியாதுன்னு சொல்லவும் மனசு வரல. நீங்க யாராவது வந்து சொல்லட்டும்னுதான் விலாசத்தக் குடுத்தேன்."

பேச்சியம்மாள் எழுந்து சமையலறைக்குள் போனாள். ஸ்டவ்வைப் பம்ப் அடிக்கிற சத்தம் கேட்டது. தேவைக்கு மேலேயே அடித்தாள் என்று நினைக்கிறேன். காபி வந்தது – எனக்கு மட்டும்.

"விழா என்னைக்குங்க?"

சொன்னேன்.

"நான் வாரேன்."

முருகேசன் முகம் மாறியது. "அண்ணாச்சி வருவாவளே..."

"வரட்டும். அவருட்ட நீங்க சொல்லிருங்க. இதையாவது சொல்லுங்க."

அண்ணாச்சி என்பது முருகேசனின் அண்ணன். தாராவியில் பட்டறை. தம்பியைத் தகப்பன் ஸ்தானத்தில் இருந்து வளர்த்தவர். பேச்சியம்மாள் நாடகக்காரி என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்தால் இந்த வாசற்படியை மிதிக்க மாட்டார். மதுரையில் தாய் தகப்பன் இல்லாத பெண் என்று மட்டும் சொல்லித்தான் கல்யாணம் நடந்திருக்கிறது. இதைப் பேச்சியம்மாள் மாடிப்படி வரை வந்து என்னிடம் மெதுவாகச் சொன்னாள். தாராவியில் பட்டறையும் அநேகம், அண்ணாச்சிகளும் அநேகம். எந்த அண்ணாச்சி என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

விழா நாள். தாராவி ஜனம் முன்கூட்டியே வந்து உட்கார்ந்துவிட, மாதுங்காவின் பழைய உறுப்பினர்கள் பலர் சுவரோரம் நின்றார்கள். இதுவும் ஒரு ரெக்கார்டு. பெண்கள் பகுதியில் என் பக்கத்தில் பேச்சியம்மாள். சாதாரண நூல் புடவை, தலையில் கொஞ்சம் பூ. அவள்தான் வனமோகனா என்று எனக்கும் வைத்திக்கும் முருகேசனுக்கும் தவிர ஒருவருக்கும் தெரியாது. நரைத்த தலையோடு ஒரு கிழவியைத்தான் எல்லோரும் எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பரிசைக் கொடுக்கவேண்டியவர் சென்னையிலிருந்து வருகிற ஒரு தயாரிப்பாளர். அவருடைய விமானம் வந்து சேரவில்லை. மேடையில் காத்திருக்கிறது கோப்பை, கொடுக்க ஆள் இல்லை. வைத்திக்குத் திடீரென்று ஒரு உற்சாகம். மைக்கைப் பிடித்தார்.

"இது தாராவி ஓட்டினால் கிடைத்த பரிசு. ஆகவே தாராவியின் சார்பில் நம் சுடலைமுத்து அண்ணாச்சி அவர்களே இதை வழங்குவார்கள்!"

ஹால் அதிர்ந்தது. அண்ணாச்சி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு மேடை ஏறினார். கோப்பையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டார்.

பேச்சியம்மாள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். "அவருதாங்க அத்தான். இவரோட அண்ணன்."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. "உன் வீட்டுக்காரர் சொல்லிவிட்டாரா இல்லையா?"

அவள் நிமிர்ந்து மேடை ஓரத்தில் லைட்டுக்குப் பக்கத்தில் நின்ற புருஷனைப் பார்த்தாள். முருகேசன் இல்லை என்று தலையை ஆட்டினார். பாவம்! சொல்லத்தான் தாராவிக்குப் போயிருக்கிறார். அண்ணாச்சி அன்றைக்கெல்லாம் அந்த அண்ணியின் பெருமையையே பேசிக்கொண்டிருந்ததில் நடுவே எப்படிப் புகுவது என்று தெரியாமல் திரும்பி வந்துவிட்டார்.

"நீ போகவேண்டாம். உனக்குப் பதிலாக நான் வாங்கிக்கொள்கிறேன்" என்றேன்.

வைத்தி பெயரைப் படித்துவிட்டார். குமாரி வனமோகனா! கைதட்டல். பேச்சியம்மாள் என் மணிக்கட்டை விட்டாள்.

"இல்லைங்க. இப்பப் போகலைன்னா அப்பறம் என்னைக்கும் போக மாட்டேன்."

எழுந்தாள். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நேராக நடந்தாள்.

மேடையில் ஏறியவளைப் பார்த்ததும் அண்ணாச்சிக்கு முதலில் கோபம் வரவில்லை, பதற்றம்தான் வந்தது. ஏதோ வீட்டில் ஆபத்து, தன்னைத் தேடிக்கொண்டு வந்திருக்கிறாள் என்று நினைத்துவிட்டார். ரகசியமாகத்தான் கேட்டார். மைக் பக்கத்தில் இருந்ததை மறந்துவிட்டார்.

"என்ன தாயி, நீ இங்க எங்க வந்த? முருகேசனுக்கு என்னம்மா?"

"அவருக்கு ஒண்ணுமில்ல அத்தான். நாந்தான் அது."

"எது?"

"அந்த அண்ணி."

ஹால் முழுக்கக் கேட்டது. கல்யாணம் ஆனதிலிருந்து அவள் அவரோடு நேருக்கு நேர் பேசிய முதல் வார்த்தைகள் அவைதான் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன்.

அண்ணாச்சி அவளைப் பார்த்தார். கோப்பையைப் பார்த்தார். மறுபடி அவளைப் பார்த்தார். மேடையில் உட்கார்ந்திருந்த நட்சத்திரம் ஏதோ நாடகம் நடக்கிறது என்று புன்னகையோடு காத்திருந்தார். தலைவர் தன் சால்வையைச் சரிசெய்தார். அண்ணாச்சி கோப்பையை அவள் கையில் வைத்தார் – கொடுத்தார் என்று சொல்ல முடியாது, வைத்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டு படியிறங்கிப் பக்கவாசல் வழியாக வெளியே போய்விட்டார்.

கூட்டத்தில் குசுகுசுவென்று பேச்சு. பேச்சியம்மாள் தனியாக நின்றாள். ஓடி வந்துவிடுவாள் என்று நினைத்தேன். அவளோ கோப்பையை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, முன்பக்கம், வலப்பக்கம், இடப்பக்கம் என்று முறையாகத் திரும்பித் தலை தாழ்த்தினாள். நாடகக் கம்பெனியில் பத்து வயதில் சொல்லிக்கொடுத்தது. அப்புறம்தான் கைதட்டல் வந்தது, தாராவிப் பக்கமிருந்து.

கீழே இறங்கியதும் அவள் நாற்காலிக்கு வரவில்லை, வாசலுக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன்.

வெளியே பூக்கடை ஓரத்தில் அண்ணாச்சி நின்றுகொண்டிருந்தார். லைட்டை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்த முருகேசன் எதிரே தலைகுனிந்து நின்றார். அடி விழும் என்றே நினைத்தேன்.

"நாடகக்காரின்னு எங்கிட்ட மறைச்ச. அதுக்கு உன்னப் பொறவு கேக்கேன்" என்றார் அண்ணாச்சி. குரல் தணிந்திருந்தது, அதுதான் ஆச்சரியம். "மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழம உன் வீட்டுக்கு வந்து திங்கேம்லா, சோறு போடுதது யாருல?"

முருகேசனின் கண் அவருக்குப் பின்னால் நின்ற பேச்சியம்மாளிடம் போனது.

"அந்தப் புள்ளதான போடுது? நான் கேக்குததுக்கு முந்தி ரெண்டாந்தரம் போடுது. ஒரு நாளாவது தலயத் தூக்கிப் பாத்திருக்கேனால நான்? கொட்டகையில போயி டிக்கெட்டு எடுத்துல்லா அழுதேன்! தாராவி பூராவும் சொல்லிட்டுல்லா திரிஞ்சேன், எனக்கு அப்படி ஒருத்தரும் போட்டதில்லன்னு!"

கோபம் தம்பி மேலா, தன் மேலா? அவருக்கே தெரிந்திருக்காது. துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். துடைத்துவிட்டுத் திரும்பினால் பேச்சியம்மாள் கோப்பையோடு நிற்கிறாள்.

வீட்டில் அவருக்குச் சோறு போட்டதும் கதவுக்குப் பின்னால் போய் நிற்பது அவள் வழக்கம். இங்கே கதவு ஏது?

"யாருக்குப் போடுதோம்னு தெரியாமத்தான் தாயி ஓட்டுப் போட்டேன்" என்றார்.

"தெரிஞ்சிருந்தா அத்தான்?"

அவர் யோசித்தார். ஒப்புக்குச் சொல்கிற மனுஷராக இருந்தால் உடனே பதில் வந்திருக்கும்.

"தெரிஞ்சிருந்தா போட்டிருக்க மாட்டேன்."

"அப்ப தெரியாமப் போனது நல்லதாப் போச்சு" என்றாள் அவள்.

அண்ணாச்சி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். அப்புறம் தம்பியைப் பார்த்து, "என்னல முழிக்க? உள்ள மேட லைட்டுக்கு ஆளில்லாமக் கெடக்கு, போயி லைட்டப் பாரு" என்றார். தானும் உள்ளே வந்தார். மிச்ச விழா முடிகிறவரை நின்றுகொண்டே பார்த்தார்.

இதற்கு மேல் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. சினிமாவாக இருந்தால் குடும்பமே கட்டிக்கொண்டு அழுதிருக்கும். இங்கே அப்படி இல்லை. திலக் நகரில் எதிர்வீட்டு அம்மாள் பேச்சியம்மாளோடு பேச்சை நிறுத்திவிட்டாள். ரேஷன் கடைக்குச் சேர்ந்து போகிற இரண்டு பேர் இப்போது முன்னாடியே போய்விடுகிறார்களாம். கீழ்வீட்டு மராட்டிக்காரர்கள் மட்டும் கோப்பையை வாங்கிப் பார்த்துவிட்டுப் பேடா கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

வியாழக்கிழமை நான் போய்ப் பார்த்தேன். சென்னையிலிருந்து கூப்பிட்டால் போவாயா என்று கேட்டேன்.

"முதல்ல கூப்பிடட்டுங்க. அப்பறம் யோசிச்சுக்கிடுவோம்." முருகேசன் பக்கத்தில்தான் இருந்தார். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கக்கூடாது என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"எனக்கு ஒண்ணே ஒண்ணுதாங்க வேணும். அந்தப் படத்தை நான் பாக்கணும்."

ஆமாம், அவள் இன்னும் பார்க்கவில்லை! படப்பெட்டி சென்னைக்குத் திரும்பிப் போய்விட்டது. ஊர் முழுக்கப் பார்த்து, அழுது, ஓட்டுப் போட்டு, கோப்பையும் கொடுத்தாகிவிட்டது. பாக்கி இருப்பவள் அவள் ஒருத்திதான்.

இதை முருகேசன் எப்படியோ தாராவியில் போய்ச் சொல்லியிருக்கிறார். (சொல்லக் கற்றுக்கொண்டுவிட்டார்!) மறுநாளே அண்ணாச்சி தியேட்டர் மானேஜர் முன்னால் போய் நின்றிருக்கிறார். பெட்டியைத் திரும்ப வரவழைத்து ஒரு காலைக் காட்சி போடவேண்டும். கூட்டம் வராதே என்று மானேஜர் இழுத்திருக்கிறார். "கூட்டம் என் பொறுப்பு" என்று பதில். அண்ணாச்சி பொறுப்பு என்றால் தாராவியில் அன்றைக்குப் பட்டறை திறக்காது. மானேஜர் சென்னைக்குத் தந்தி கொடுத்துவிட்டார்.

நாம் எல்லோரும் இப்படித்தானே? திரையில் முகம் பெரிதாகத் தெரிகிறது, பார்த்து உருகுகிறோம். வீட்டில் இருக்கிற முகம் அதன் சொந்த அளவில்தான் இருக்கிறது. அந்த அளவு நம் கண்ணில் படுவதில்லை. அண்ணாச்சியைக் குறை சொல்ல எனக்கு யோக்யதை கிடையாது. எனக்கு யார் காபி போட்டுக் கொடுக்கிறார்கள் என்று யோசித்துப் பார்த்தேன்... நானேதான் போட்டுக்கொள்கிறேன், அது வேறு விஷயம்.

இதை எழுதலாமா என்று மூன்று பேரிடமும் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். பேச்சியம்மாள், சந்தோஷமாக எழுதுங்கள் என்றாள். முருகேசன், அவள் சரி என்றால் சரி என்றார். அண்ணாச்சி மட்டும், கொட்டகையில் அழுததை எழுதிக்கொள்ளலாம், பூக்கடைப் பக்கம் நடந்ததை விட்டுவிடச் சொன்னார். அங்கே கண்ணில் தூசி விழுந்துவிட்டது என்று அவர் சொன்னதை மட்டும் நான் எழுதாமல் விட்டுவிட்டேன்.

நேற்று கமிட்டிக் கூட்டம். வைத்தி புது விதி ஒன்றைக் கொண்டுவந்தார்: இனிமேல் பரிசு கொடுப்பவரும் வாங்குபவரும் ஒருவருக்கொருவர் உறவாக இருக்கக்கூடாது.

"அப்படியானால் வைத்தி, பேச்சியம்மாள் இப்போது தாராவிக்கே அண்ணி, அங்கிருந்து இனிமேல் ஒருவரையும் மேடையில் ஏற்ற முடியாது" என்றேன்.